வரியே இல்லாத கம்பெனிக்கு அபராதம் எதன் மேல்?

நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனி. கட்ட வேண்டிய வருமான வரி பூஜ்யம். ரிட்டர்னில் காட்டிய நஷ்டம் அறுபது லட்சம் இல்லை, இருபது லட்சம்தான் என்று வரித் துறை குறைத்துவிட்டது. குறைத்த பிறகும் வரி பூஜ்யம்தான். ஆனாலும் அபராத நோட்டீஸ் வருகிறது, லட்சக்கணக்கில். "பூஜ்யத்துக்கு எத்தனை சதவீதம் போட்டாலும் பூஜ்யம்தானேப்பா, இவங்க எதுமேல கணக்குப் போடறாங்க?" இங்கே நார்த்தாமலையைச் சுற்றிக் கல் தொழிலில் இருக்கிற நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. நான் ஆடிட்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். ஆனால் கேள்வி விடவில்லை. தீர்ப்புகளை எடுத்துப் படிக்கப் படிக்க, இதே கேள்வியை உச்ச நீதிமன்றமே 2001-லிருந்து 2008 வரை மூன்று தடவை சந்தித்து, இரண்டு மாதிரி பதில் சொல்லியிருக்கிறது என்று தெரிந்தது.

ஒரு முன்குறிப்பு. கீழே வரும் பிரிவு எண்கள் 1961 சட்டத்தினுடையவை. 2025-இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 என்று தேதி வைத்தார்கள். அதில் எண்கள் வேறு. பழைய வருஷக் கணக்குகளுக்குப் பழைய சட்டமே பேசும்.

முதலில் நஷ்டத்தை எதற்கு அடுத்த வருஷத்துக்கு எடுத்துப்போக விடுகிறார்கள்? தொழிலின் ஓட்டத்துக்கும் மார்ச் 31-க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முதல் இரண்டு வருஷம் மெஷின் போட்டு, கடன் வாங்கி, கையைச் சுட்டுக்கொண்டு, மூன்றாம் வருஷம்தான் லாபம் பார்க்கிற தொழில்கள் ஏராளம். மூன்று வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தால் லாபமே இல்லாதவரிடம் மூன்றாம் வருஷத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்து வரி கேட்பது நியாயமில்லை. 1922 சட்டம் வந்தபோது இந்த வசதி கிடையாது. 1939 திருத்தத்தில்தான் வந்தது. இப்போது வியாபார நஷ்டத்தை எட்டு வருஷம் வரை கொண்டுபோகலாம் (பிரிவு 72). அதே தொழிலைத் தொடர்ந்து நடத்த வேண்டும் என்றொரு நிபந்தனை முன்பு இருந்தது. அதை 1999 நிதிச் சட்டம் எடுத்துவிட்டது.

எங்கள் ஊர்க் கதை ஒன்று இதில் உண்டு. நார்த்தாமலை 1948 மார்ச் வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. 1922 சட்டத்தின் 24-ஆம் பிரிவில் ஒரு வரம்புரை: சுதேச சமஸ்தானத்தில் வந்த நஷ்டத்தை அப்படியொரு சமஸ்தானத்து லாபத்தில்தான் கழிக்கலாம், பிரிட்டிஷ் இந்தியாவில் வந்த லாபத்தில் கழிக்க முடியாது. அதாவது கீரனூரில் கடை வைத்து நஷ்டப்பட்டவர், பக்கத்தில் திருச்சிக் கடையில் வந்த லாபத்துக்கு முழு வரி கட்ட வேண்டும். சோழர் காலத்தில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் இருந்து வாணிபம் செய்த ஊர் இது. அவர்களுக்கு இந்த எல்லைக்கோடு விசித்திரமாகத்தான் இருந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துக்கொள்வோம். நார்த்தாமலைப் பக்கம் ஜல்லியும் எம்-சாண்டும் போடுகிற ஒரு பிரைவேட் லிமிடெட் கிரஷர். முதல் இரண்டு வருஷத்தில் சேர்ந்த நஷ்டம் 60 லட்சம். 2024-25-இல் லாபம் 60 லட்சம். பழைய நஷ்டத்தைக் கழித்து, வருமானம் பூஜ்யம் என்று ரிட்டர்ன் போடுகிறார்கள். (புத்தக லாபத்தின் மேல் போடும் மேட் வரியை இங்கே ஒதுக்கிவைக்கிறேன். அதையும் இழுத்தால் கட்டுரை முடியாது.)

அந்த 60 லட்சம் ஒரே குவியல் இல்லை, இரண்டு குவியல். கூலி, டீசல், வட்டி என்று போன நிஜ வியாபார நஷ்டம் 24 லட்சம் என்று வைப்போம். மீதி 36 லட்சம் மெஷினுக்கான தேய்மானம், அந்த வருஷ லாபத்தில் கழிக்க இடமில்லாமல் தேங்கியது. பேலன்ஸ் ஷீட்டில் இரண்டும் கலந்து கிடக்கும். சட்டத்தில் இரண்டும் வேறு வேறு ஜாதி. வியாபார நஷ்டத்துக்கு எட்டு வருஷக் கெடு. தேங்கிய தேய்மானத்துக்குக் கெடுவே இல்லை (பிரிவு 32(2)). கழிக்கும்போது முதலில் வியாபார நஷ்டம், அப்புறம்தான் தேய்மானம். கெட்டுப்போகிற பொருளை முதலில் விற்கிற மளிகைக்கடைப் புத்திதான் அது. இந்தப் பிரிவினையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பணமாகவே வரும்.

கழிக்க முடியாது என்று துறை எப்போது சொல்லும்? மூன்று வாசல் வழியாகத்தான் பெரும்பாலும் வரும்.

ஒன்று, தாமதம். நஷ்டம் வந்த வருஷத்தின் ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டிருக்க வேண்டும், கம்பெனிக்குப் பொதுவாக அக்டோபர் 31. ஒரு நாள் தள்ளிப்போனாலும் வியாபார நஷ்டம் போச்சு (பிரிவுகள் 80, 139(3)). தேய்மானம் போகாது, ஏனென்றால் பிரிவு 80-இல் அது இல்லை.

இரண்டு, பங்குகள் கை மாறுவது. இது பிரிவு 79, பங்குச்சந்தையில் இல்லாத குடும்பக் கம்பெனிகளுக்கான கண்ணி. நஷ்டம் வந்த வருஷத்தின் மார்ச் 31 அன்று யாரிடம் ஓட்டுரிமை இருந்ததோ, கழிக்கிற வருஷத்தின் மார்ச் 31 அன்றும் அதில் 51 சதவீதமாவது அவர்களிடமே இருக்க வேண்டும். நஷ்டக் கணக்கை மட்டும் பார்த்துச் செத்த கம்பெனிகளை வாங்கி வரி மிச்சம் பிடிக்கிற வியாபாரத்தைத் தடுக்கத்தான் இந்தப் பிரிவு. ஆனால் அந்த வலையில் நல்ல மீனும் மாட்டும். அப்பா இறந்து மகனுக்கு வந்தால், அல்லது உறவினருக்குத் தானமாகக் கொடுத்தால் பரவாயில்லை. கடன் நெருக்கடியில் 55 சதவீதத்தை வெளியாள் ஒருவருக்கு விற்றால் தீர்ந்தது. தகுதிச் சான்று பெற்ற ஸ்டார்ட்-அப்களுக்குத் தனிச் சலுகை உண்டு, கிரஷருக்கு அது பொருந்தாது. இங்கும் தேய்மானம் தப்பிக்கும்.

மூன்று, நஷ்டத்தின் அளவே தப்பு என்பது. இந்தச் செலவு செலவே இல்லை, அந்த பில் போலி என்று சொல்லி நஷ்டத்தைச் சுருக்குவது.

மூன்று வாசலிலும் உள்ளே நடப்பது ஒன்றில்லை. முதல் இரண்டில் நஷ்டம் உண்மை, உரிமைதான் போனது. மூன்றாவதில் நஷ்டத்தின் உண்மையே கேள்வி. அபராதத்தைப் புரிந்துகொள்ள இந்த வித்தியாசம்தான் சாவி. நஷ்டத்தை இழந்ததற்காக யாருக்கும் அபராதம் கிடையாது. ரிட்டர்னில் என்ன சொன்னீர்கள், எதைச் சொல்லாமல் விட்டீர்கள் என்பதற்குத்தான்.

இனி அந்தப் பூஜ்யப் புதிர். பழைய பிரிவு 271(1)(சி), வருமானத்தை மறைத்தாலோ தப்பான விவரம் கொடுத்தாலோ, கட்ட வேண்டிய வரியோடு 'கூடுதலாக' அபராதம் என்று சொன்னது. ஏய்க்க நினைத்த வரியில் குறைந்தது 100 சதவீதம், அதிகபட்சம் 300. 'கூடுதலாக' என்றால் முதலில் ஒரு வரி இருக்க வேண்டுமே? பிரித்திபால் சிங் வழக்கில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 1990-இல் இப்படித்தான் பார்த்தது: வரி இல்லையா, அபராதமும் இல்லை. 2001-இல் உச்ச நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. சட்டம் எழுதுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? 2002 நிதிச் சட்டம், 'ஏதேனும் வரி இருப்பின் அதோடு' என்ற பொருள் வரும்படி சொற்களை மாற்றியது. நஷ்டம் குறைந்தாலும் சரி, லாபமாக மாறினாலும் சரி, அந்தக் குறைந்த தொகையையே மொத்த வருமானம் மாதிரி பாவித்து அதன் மேல் வரி போட்டுப் பார்க்க வேண்டும் என்றும் தெளிவாக எழுதியது. அமலுக்கு வந்தது 2003 ஏப்ரல் 1.

அதற்கு முந்தைய வருஷங்களுக்கு? 2007-இல் விர்ச்சுவல் சாஃப்ட் சிஸ்டம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், திருத்தம் பின்தேதிக்குப் போகாது, பழைய நஷ்டக் கம்பெனிகளுக்கு அபராதம் இல்லை என்றது. அடுத்த வருஷமே, 2008-இல், கோல்டு காயின் ஹெல்த் ஃபுட் வழக்கில் பெரிய அமர்வு அதைத் தள்ளிவிட்டது. வருமானம் என்ற சொல்லில் நஷ்டமும் அடக்கம், அது மைனஸ் வருமானம். சட்டம் முதலிலிருந்தே அப்படித்தான், திருத்தம் விளக்கம் மட்டுமே என்பது அந்தத் தீர்ப்பு. புரோகிராமர்களுக்கு இது உடனே விளங்கும். வருமானம் என்பது குறியுள்ள எண். மைனஸ் 60-ஐ மைனஸ் 20 ஆக்கினால் வித்தியாசம் 40 தான், பூஜ்யத்தைத் தாண்டவில்லையே என்பதெல்லாம் கணக்கில் வராது. தர்க்கம் சரிதான். ஏனென்றால் இன்று ஊதிக் காட்டுகிற நஷ்டம் நாளைக்கு வரும் லாபத்தைத் தின்னப்போகிறது. ஆனால் ஒன்று: அந்த லாபம் வராமலேயே கம்பெனி மூடிப்போகலாம். அப்போது அரசாங்கம் ஒரு ரூபாய்கூட இழந்திருக்காது, அபராதம் மட்டும் நிற்கும். இதைச் சட்டம் கண்டுகொள்ளவில்லை என்பது என் குறை.

எண்களோடு பார்க்க ஒரு நிஜ வழக்கு, ரிலையன்ஸ் பெட்ரோபுராடக்ட்ஸ். 2001-02 மதிப்பீட்டு ஆண்டுக்கு அந்தக் கம்பெனி காட்டிய நஷ்டம் 26,54,554 ரூபாய். பங்குகள் வாங்க எடுத்த கடனுக்கான வட்டி 28,77,242 ரூபாயைத் துறை ஏற்கவில்லை. நஷ்டம் மறைந்து 2,22,688 ரூபாய் வருமானம் ஆனது. விதித்த அபராதம் 11,37,949 ரூபாய். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைய கம்பெனி வரி 35 சதவீதம், அதன் மேல் 13 சதவீத சர்சார்ஜ், ஆக 39.55 சதவீதம். 28,77,242-இல் 39.55 சதவீதம் எடுத்தால் அட்சரம் பிசகாமல் 11,37,949. ஆனால் நிர்ணயித்த வருமானமான 2,22,688-க்கு அதே விகிதத்தில் வரி 88,073 தான். வரி எண்பத்தெட்டாயிரம், அபராதம் பதினொன்றே கால் லட்சத்துக்கு மேல்! 'பூஜ்யத்துக்கு எத்தனை சதவீதம்' என்ற கேள்விக்கு இதுதான் பதில். அடித்தளம் கட்டுகிற வரி இல்லை, வெட்டுப்பட்ட தொகை முழுவதும்.

அந்த அபராதம் நிற்கவில்லை. 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்: கம்பெனி கொடுத்த விவரம் எதுவும் பொய் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. சட்டப்படி ஏற்க முடியாத ஒரு கோரிக்கையை வைத்தது, அவ்வளவுதான். ஏற்கப்படாத கோரிக்கை தப்பான விவரம் ஆகிவிடாது. அப்படி ஆகுமென்றால், துறை மறுக்கிற ஒவ்வொரு கோரிக்கைக்கும் அபராதம் போட வேண்டியிருக்கும். பிரிவு 79 வழக்குகளுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஒரே குழுமத்துக்குள் பங்கு மாறியபோது, உச்சியிலுள்ள தாய்க் கம்பெனி மாறவில்லையே என்ற வாதத்தை யம் ரெஸ்டாரன்ட்ஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் ஏற்கவில்லை. அதற்கு முந்தைய வருஷம் ஆம்கோ பவர் சிஸ்டம்ஸ் வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம், கட்டுப்பாடு அதே கையில்தானே இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டது. இரண்டு உயர் நீதிமன்றங்களே முரண்படுகிற இடத்தில், ஒரு கம்பெனி தனக்குச் சாதகமான பக்கத்தை எடுத்ததைப் பொய் என்று சொல்ல முடியுமா?

2017-18 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து பழைய பிரிவுக்குப் பதில் 270ஏ. 'மறைத்தல்' போய், 'குறைத்துக் காட்டுதல்', 'திரித்துக் காட்டுதல்' என்று இரண்டு படி வந்தது. முதலாவதற்கு வரியில் 50 சதவீதம், இரண்டாவதற்கு 200 சதவீதம். குறைத்துக் காட்டுதல் கிட்டத்தட்ட எண்களின் வித்தியாசம்தான், நஷ்டம் சுருங்குவதும் நஷ்டம் வருமானமாக மாறுவதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. திரித்தல் என்பதற்குத் தனிப் பட்டியல் உண்டு: உண்மையை மறைப்பது, பொய்ப் பதிவு எழுதுவது, ஆதாரம் இல்லாத செலவைக் கோருவது, இந்த மாதிரி.

நம் கிரஷருக்கு வருவோம். பழைய பங்குதாரர்கள் 55 சதவீதத்தை விற்றுவிட்டார்கள். பிரிவு 79 பிடிக்கிறது. வரி செஸ்ஸோடு 26 சதவீதம் என்று வைப்போம். நோட்டீஸ் வந்த பயத்தில் 60 லட்சமும் போச்சு என்று ஒப்புக்கொண்டால் வரி 15.6 லட்சம், அபராதம் 50 சதவீதத்தில் 7.8 லட்சம். ஆனால் போக வேண்டியது 24 லட்சம்தான், தேய்மானம் 36 லட்சத்தைப் பிரிவு 79 தொடாது. சரியான கணக்கு: வரி 6.24 லட்சம், அபராதம் 3.12 லட்சம். வட்டி தனி. இரண்டு குவியலையும் பிரித்துக் காட்டத் தெரியாததற்கு விலை, வரியும் அபராதமும் சேர்த்துப் பதினான்கு லட்சம்.

அந்த 3.12 லட்சமும் கட்டாயம் இல்லை. தகுந்த விளக்கம் கொடுத்து, அது நல்லெண்ணத்தோடு கூடியது என்று அதிகாரி திருப்தியடைந்து, விவரம் எல்லாவற்றையும் வெளியே சொல்லியிருந்தால் அந்தத் தொகை குறைத்துக் காட்டியதில் சேராது (270ஏ(6)). ரிலையன்ஸ் பெட்ரோபுராடக்ட்ஸ் தீர்ப்பின் ஆவி இங்கேதான் குடியிருக்கிறது என்பது என் வாசிப்பு. ஒரு வித்தியாசம், முன்பு பொய் என்று துறை காட்ட வேண்டியிருந்தது, இப்போது நல்லெண்ணம் என்று நாம் காட்ட வேண்டும். ஐடிஆர்-6 படிவத்தில் பட்டியலிடப்படாத கம்பெனியின் பங்குதாரர்கள் யார், வருஷத்துக்குள் யார் வெளியேறினார்கள் என்று கேட்கிற எஸ்ஹெச்-1 அட்டவணை இருக்கிறது. அதைச் சரியாக நிரப்பிவிட்டு நஷ்டத்தைக் கோரியவர் நிலைமை வேறு. பங்கு விற்றதை அங்கே காட்டாமல் விட்டுக் கோரியவர் 200 சதவீதத்தின் வாசலில் நிற்கிறார். அவருக்கு அதே 24 லட்சத்துக்கு அபராதம் 12.48 லட்சம்.

தாமதமாக ரிட்டர்ன் போட்ட வழக்கில் ஒரு நுணுக்கம். இதை அதிகாரிக்கு முன்பே பெங்களூரு மத்தியச் செயலாக்க மையத்தின் கம்ப்யூட்டர் பிடித்துவிடும் (பிரிவு 143(1)(ஏ)). நஷ்ட வருஷ ரிட்டர்ன் தேதி அதனிடமே இருக்கிறது, இரண்டு தேதியை ஒப்பிடுகிற வேலைதானே. முன்னறிவிப்பு வரும், பதில் சொல்ல 30 நாள். இந்தக் கட்டத்திலேயே நஷ்டம் வெட்டுப்பட்டால் வரியும் வட்டியும் கேட்பார்கள். ஆனால் 270ஏ ஒப்பிடுவது அதிகாரி நிர்ணயித்த வருமானத்தை, மையம் செயலாக்கிய வருமானத்தோடு. மையமே வெட்டியபின் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை, அபராதத்துக்கு அடித்தளமும் இல்லை. முன்பு இப்படி இல்லை. 1989-க்குப் பிறகு சில காலம் இந்த மாதிரித் திருத்தத்துக்கே 20 சதவீதக் கூடுதல் வரி இருந்தது, நஷ்டம் குறைந்தாலும் சேர்த்து. அது ஏய்க்க முயன்றவர்களுக்கு மட்டுமே என்று சதி ஆயில் உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சுருக்கியபோது வருஷம் 2015.

அபராத நோட்டீஸ் வந்துவிட்டது என்றால் முதலில் பார்க்க வேண்டியது, குறைத்ததா திரித்ததா, எதைச் சொல்கிறார்கள் என்பது. நோட்டீஸில் இரண்டையும் அடிக்காமல் விட்டிருந்தால் அதை வைத்தே ஜெயித்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். பழைய பிரிவின் கீழ் சுந்தரம் ஃபைனான்ஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல், என்ன குற்றச்சாட்டு என்று கம்பெனிக்குப் புரிந்துதானே பதில் சொன்னது என்று கூறி அந்த வாதத்தை ஒதுக்கிவிட்டது.

குறைத்துக் காட்டியது மட்டும்தான் என்றால் 270ஏஏ என்றொரு வழி இருக்கிறது. கேட்ட வரியையும் வட்டியையும் கெடுவுக்குள் கட்டி, அப்பீல் போகாமல், உத்தரவு கைக்கு வந்த மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் மனுப் போட்டால் அபராதத்திலிருந்து விலக்கு. திரித்தல் என்று முத்திரை குத்தியிருந்தால் இந்தக் கதவு மூடிவிடும். ஆகவே இதற்குப் போவதா, அப்பீலுக்குப் போவதா என்று முடிவு செய்ய நேரம் கொஞ்சம்தான். நம் கிரஷர் மாதிரி, வெட்டியதில் பாதிக்கு மேல் தேய்மானம் என்றால் நான் அப்பீலைத்தான் யோசிப்பேன். அடிப்படைத் தொகை அப்பீலில் போய்விட்டால் அபராதமும் கூடவே போகும். சென்னையைச் சேர்ந்த கே.சி. பில்டர்ஸ் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், அபராதம் ரத்தானபின் கிரிமினல் வழக்கும் நிற்காது என்றது.

தாமதத்தால் மட்டும் நஷ்டத்தை இழந்தவர்களுக்கு இன்னொரு மனு உண்டு, 119(2)(பி)-யின் கீழ், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி. 2024 அக்டோபர் 1 சுற்றறிக்கைப்படி நஷ்டம் ஒரு கோடி வரை முதன்மை ஆணையரே முடிவு செய்யலாம், மூன்று கோடி வரை தலைமை ஆணையர், அதற்கு மேல் முதன்மைத் தலைமை ஆணையர். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருஷத்துக்குள் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டு, ஆடிட்டர் மாறிய கடிதம், போர்ட்டலில் எரர் வந்த ஸ்கிரீன்ஷாட் என்று தாமதத்துக்கான காகிதம் எதுவானாலும் தேதியோடு எடுத்து வையுங்கள். மனுவில் முதலில் கேட்பது அதைத்தான்.